ஆன்ரோடு ஆர்சி பந்தயம்: காரைவிட டிராக்கை முதலில் பாருங்கள்

ஆர்சி கார், அதாவது ரேடியோ ரிமோட்டில் ஓட்டும் சிறிய கார், வாங்கும் முன் டிராக்குக்கு வெறுங்கையோடு ஒருமுறை போங்கள். எந்தப் பந்தய வகுப்பில் அதிகம் பேர் ஓட்டுகிறார்கள், எந்த டயர் கட்டாயம், மோட்டார் எத்தனை டர்ன் (உள்ளே கம்பி எத்தனை சுற்று) என்று குறித்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான்: பிடித்த காரை வாங்கிவிடுகிறார்கள், அதற்கு அங்கே வகுப்பே இருக்காது.

தேர்வு உங்கள் கையில் என்றால், 1/10 டூரிங் காரில் (நிஜக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவு) 21.5 டர்ன் மோட்டார் போதும். டர்ன் குறையக் குறைய வேகம் கூடும், 13.5-இல் ஒரு தவறுக்கு சக்கரத்தைத் தாங்கும் ஒரு சஸ்பென்ஷன் ஆர்ம் உடைந்து போய்விடும்.

பலரைத் திணறடிப்பது கியர் கணக்கு. ஸ்பர் (பெரிய கியர்) பற்களைப் பினியன் (மோட்டாரில் மாட்டும் சிறிய கியர்) பற்களால் வகுத்து, காரின் உள்விகிதத்தால் (காருக்குள் மாறாமல் இருக்கும் கியர் விகிதம்) பெருக்குங்கள்: 96 ÷ 48 × 1.9 = 3.8. அதே மோட்டார் வைத்திருப்பவரிடம் அவருடைய எண்ணைக் கேட்டு, அதைவிடச் சற்று கூடுதலான எண்ணில் தொடங்குங்கள். மூன்று நிமிடம் ஓட்டி, மோட்டார் வெப்பத்தை அளந்து பாருங்கள். 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பினியனில் இரண்டு பல் குறையுங்கள்.

தரை இடைவெளி 5 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். பேட்டரி ஏற்றிய பிறகே அளக்க வேண்டும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் சேமியுங்கள். முழு சார்ஜில் நாள்கணக்கில் விட்டால் உப்பிவிடலாம்.

உங்கள் ஓட்டம் முடிந்ததும் அடுத்த ஓட்டத்துக்கு மார்ஷலாக (கவிழ்ந்த கார்களை நிமிர்த்திவிடுபவராக) நில்லுங்கள். பெரும்பாலான கிளப்புகளில் அது கட்டாயம்.