பழைய பிக்சல் 3ஏ போனில் உபுண்டு டச்: நிறுவும் முறையும் முதல் அனுபவமும்

ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் கைப்பேசிச் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்ட பிறகு, மூன்றாவதாக நுழையப் பார்த்த விண்டோஸ் போனும் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸும் நிலைக்கவில்லை. கனோனிக்கல் நிறுவனம் 2013-இல் அறிவித்த உபுண்டு டச்சையும் அந்நிறுவனமே 2017-இல் கைவிட்டது. ஆனால் யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வலர் அமைப்பு அதை எடுத்து இன்றுவரை வளர்த்துவருகிறது. கூகுள் கணக்கே கேட்காத இந்த இயங்குதளத்தை, 2019-இல் வெளிவந்த பிக்சல் 3ஏ போனில் நிறுவும் முறையை இங்கே விளக்குகிறேன். அன்றாடம் பேசும் போனில் இதைச் செய்ய வேண்டாம். அலமாரியில் சும்மா கிடக்கும் இரண்டாவது போன் போதும்.

படி 1: முதலில் பார்க்க வேண்டியவை

யூபிபோர்ட்ஸ் இணையதளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பக்கம் உண்டு. கேமரா, புளூடூத், ஜிபிஎஸ் ஆகியவற்றில் எவை வேலை செய்யும் என்பதோடு, 4ஜி வழியாகவே குரலைக் கொண்டுசெல்லும் வோல்ட்டி வசதி இருக்கிறதா என்பதையும் அங்கே பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவை கிடையாது. ஆகவே வோல்ட்டி இயங்காத போனில் ஜியோ சிம் போட்டால் இணையம் வந்தாலும் சாதாரண அழைப்பில் பேச முடியாது. பலர் இதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

படி 2: பூட்லோடரைத் திறத்தல்

படங்கள், தொடர்பு எண்கள் அனைத்தையும் வேறிடத்தில் சேமியுங்கள். பூட்லோடர் என்பது போன் தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்; அதன் பூட்டைத் திறக்கும்போது போனில் உள்ள எல்லாம் அழிந்துவிடும். செட்டிங்ஸில் அபவுட் போன் பகுதிக்குச் சென்று பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் தோன்றும். அதில் ஓஇஎம் அன்லாக்கிங், யூஎஸ்பி டீபக்கிங் இரண்டையும் இயக்குங்கள். முதலாவது மங்கலாக இருந்தால் போனை வைஃபையில் இணைத்துப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் அது ஏதோ ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் பூட்டி விற்ற போனாக இருக்கலாம், அதில் இந்த முயற்சி பலிக்காது.

கணினியிலிருந்து திறக்கும் கட்டளை சென்றதும் போன் ஓர் எச்சரிக்கையைக் காட்டும். வால்யூம் பட்டனால் தேர்ந்தெடுத்து, பவர் பட்டனால் உறுதிசெய்யுங்கள். இனி ஒவ்வொரு முறை போன் தொடங்கும்போதும் பூட்லோடர் திறந்திருப்பதாக ஓர் அறிவிப்பு வரும், அது பிழையன்று.

படி 3: ஆண்ட்ராய்டு 9-க்கு இறங்குதல்

உபுண்டு டச் தன் வன்பொருள் இயக்கிகளை ஆண்ட்ராய்டிடமிருந்தே பெறுகிறது. அதனால் இந்த மாடலில் அடியில் இருக்க வேண்டியது ஆண்ட்ராய்டு 9. உங்கள் போன் அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறியிருந்தால், கூகுள் தானே வெளியிட்டுள்ள பழைய ஃபேக்டரி இமேஜை, அதாவது போனின் முழு மென்பொருள் தொகுப்பைக் கொண்டு கீழே இறக்கிவிட்டுத் தொடருங்கள்.

படி 4: நிறுவுதல்

யூபிபோர்ட்ஸ் இன்ஸ்டாலர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். மாடலையும், நிலையான பதிப்புகள் வரும் ஸ்டேபிள் சேனலையும் தேர்ந்தெடுத்து, திரையில் சொல்வதைச் செய்துவந்தால் போதும். தளர்ந்த கேபிளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

படி 5: விளிம்புகளைப் பழகுதல்

இங்கே ஹோம் பட்டன் இல்லை. எல்லாமே திரையின் நான்கு ஓரங்களில்தான். இடது ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் செயலிகளின் பட்டை வரும். வலது ஓரத்திலிருந்து நீளமாக இழுத்தால் திறந்திருக்கும் செயலிகள் விசிறி மடிப்பைப் போல வரிசையாக விரியும். மேலிருந்து இழுக்கும்போது விரல் எந்தக் குறியீட்டின் மீது இருக்கிறதோ, அதற்குரிய அமைப்பு திறக்கும்; விரலை எடுக்காமலே பக்கவாட்டில் நகர்த்தினால் வைஃபையிலிருந்து ஒலிக்கும், ஒலியிலிருந்து பேட்டரிக்கும் மாறிச் செல்லலாம். கீழ் ஓரம் செயலிக்குச் செயலி வேறுபடும்: டயலரில் அண்மை அழைப்புகள், மெசேஜில் புதிய செய்தி. கைக்குப் பழகிய பின் இந்த அமைப்பு ஆண்ட்ராய்டைவிடச் சீரானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

படி 6: செயலிகள்

உபுண்டு டச்சின் செயலிக் கடையான ஓப்பன்ஸ்டோரில் குறிப்பேடு, வரைபடம், டெர்மினல் போன்றவை கிடைக்கும். இடைவெளி பெரிதாகத் தெரிவதும் இங்கேதான்: வாட்ஸ்அப்புக்கோ யூபிஐ செயலிகளுக்கோ அதிகாரபூர்வப் பதிப்பு கிடையாது. வேட்ராய்ட் மூலம் ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டலாம் என்றாலும், பணப் பரிமாற்றத்துக்கு அதை நம்பி இருக்காதீர்கள். திரையிலிருந்து விலகிய செயலியை இயங்குதளம் பெரும்பாலும் நிறுத்திவைத்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

புளூடூத் விசைப்பலகையும் மவுசும் இருந்தால் டெஸ்க்டாப் மோடை இயக்கிப் பாருங்கள். செயலிகள் தனித்தனிச் சாளரங்களாக மாறுவது, போட்டி இயங்குதளங்களை நோக்கி உபுண்டு டச் விடுத்த அசல் சவால்.

பிடிக்கவில்லை என்றால் ஃபேக்டரி இமேஜை மறுபடி ஏற்றி ஆண்ட்ராய்டுக்குத் திரும்பலாம். போன் ஆண்ட்ராய்டில் முழுமையாக இயங்குவதைப் பார்த்த பிறகே பூட்லோடரைப் பூட்டுங்கள். உபுண்டு டச் இருக்கும்போதே பூட்டினால் போன் தொடங்காமலே நின்றுவிடக்கூடும்.