முதுமையில் சேரும் பழுப்பு நிறமி: செய்யக்கூடாத தவறுகள்

அறுபதைத் தாண்டியவர்களின் புறங்கையில் தெரியும் பழுப்புப் புள்ளிகளைக் காட்டி, ‘ஈரலில் கழிவு சேர்ந்துவிட்டது’ என்று டீடாக்ஸ் பொடி விற்கிறார்கள். வாங்காதீர்கள். பல ஆண்டு வெயில் பட்டுத் தோலில் திரண்ட மெலனின்தான் அது. ஈரலுக்குச் சம்பந்தமே இல்லை. ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துபோகும். புள்ளி வேகமாக வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உள்ளே சேர்வது வேறு. அதன் பெயர் லிப்போஃபுசின். செல்லில் பழுதானதையெல்லாம் செரித்து அழிப்பது லைசோசோம். ஆக்சிஜனேற்றத்தால் பின்னிக்கொண்ட புரதத்தையும் கொழுப்பையும் அதனால் உடைக்க முடிவதில்லை. அந்த மிச்சமே இந்த நிறமி. பிரிந்து பெருகும் செல்களில் இது பங்காகிக் குறைந்துவிடும். மூளை நரம்பு, இதயத் தசை, விழித்திரையின் நிறமிப் படலம் ஆகியவற்றில் தங்கிவிடும். நோயில்லாத முதியவரின் இதயத்திலும் இருக்கும் என்பதால், பெயரைக் கேட்டதுமே பயப்பட வேண்டாம். இதைக் கரைத்து வெளியேற்றுவதாக மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை.

எனக்குப் பெரிய கவலை கண்ணைப் பற்றித்தான். பார்வை மங்கியதும் பலர் தாமாகவே வைட்டமின் ஏ மாத்திரை போடத் தொடங்குகிறார்கள். விழித்திரையில் சேரும் லிப்போஃபுசினில் பெரும்பங்கு, பார்வைச் சுழற்சியின்போது (ஒளியை உணர விழித்திரையில் திரும்பத் திரும்ப நடக்கும் வேதிமாற்றம்) வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் துணைப்பொருள்களே. ஏபிசிஏ4 மரபணுக் கோளாறால் வரும் ஸ்டார்கார்ட் நோயில் இளவயதிலேயே இது குவிந்துவிடும்; அந்த நோயாளிகள் வைட்டமின் ஏ மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் கீரையையும் பப்பாளியையும் நிறுத்த வேண்டியதில்லை.

‘கண் சத்து மாத்திரை’ விஷயத்திலும் கவனம் தேவை. அமெரிக்காவில் 2001-ல் வெளியான ஏரெட்ஸ் ஆய்வின் கூட்டு மாத்திரை, ஏற்கெனவே மாகுலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா பழுதாவது) ஓரளவு உள்ளவர்களுக்கு அது முற்றுவதைக் குறைத்தது. நோயே இல்லாதவருக்கு அது வராமல் தடுக்கும் என்று அந்த ஆய்வு காட்டவில்லை. அதிலிருந்த பீட்டா கரோட்டின் புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். அதனால் 2013-ல் வெளியான இரண்டாவது ஆய்வுக்குப் பிறகு, அதற்குப் பதில் லூட்டீன், ஸியாக்ஸாந்தின் என்ற தாவர நிறமிகள் சேர்க்கப்பட்டன. வாங்கும்முன் அட்டையைப் படியுங்கள். சிகரெட் பிடிப்பதே மாகுலாவைக் கெடுக்கும் என்பதால் முதலில் அதை விடுங்கள்.

எல்லா மங்கலையும் ‘புரைதான், முற்றட்டும்’ என்று தள்ளிப்போடுவது இவற்றிலெல்லாம் மோசமான தவறு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். நேரான கம்பி நெளிந்து தெரிந்தால் விழித்திரை மருத்துவரிடம் உடனே போங்கள். ஈர வகை மாகுலா சிதைவாக (விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் புதிதாக முளைத்துக் கசியும் வகை) இருந்தால், கண்ணுக்குள் போடும் ஊசியைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.