பீரியட்ஸ் நிற்கும் வரை காத்திருக்காதீர்கள்: ஹார்மோன் மருந்தை எப்போது தொடங்குவது?

எனக்கு 48 வயது. தக்கலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன ஆவணியில் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட்டைத் தைத்துக்கொண்டிருந்தபோது, என் நெற்றி வியர்வை சொட்டி, துணியில் வட்டமாகக் கறை விழுந்துவிட்டது. தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உடம்புச் சூடு என்று ஒரு வருடமாக இளநீரும் வெந்தயமுமாகச் சமாளித்தவள், அன்றுதான் டாக்டரிடம் கிளம்பினேன்.

முதலில் போன இடத்தில், "இது பீரியட்ஸ் நிக்கப்போற நேரத்துச் சூடு. முழுசா நிக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது எனக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் மெனோபாஸ் என்பார்கள், அது சரி. ஆனால் சிகிச்சைக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 45 வயது தாண்டியவருக்குப் பொதுவாக ஹார்மோன் ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். அந்த அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும்; அறிகுறிகளைச் சொன்னாலே போதும்.

அதை எழுதி வைத்துச் சொல்லுங்கள். நான் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினேன். ஒரு நாள் வரி இது: "11 தடவை சூடு ஏறிச்சு. ராத்திரி 2 நைட்டி மாத்தியாச்சு. ஹூக் தைக்கும்போது கண் சொருகிட்டு." நாகர்கோவிலில் பார்த்த டாக்டரம்மா முதலில் வாங்கிப் படித்தது அந்தப் பக்கத்தைத்தான். தூக்கமும் வேலையும் கெடாமல் எப்போதாவது சூடு ஏறி இறங்கினால் மருந்தே தேவைப்படாது. இளமைக்காகவோ இதய நோய் வராமல் தடுக்கவோ இதைத் தொடங்குவதில்லை.

அடுத்தது வயதுக் கணக்கு. 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று 10 வருடத்துக்குள் தொடங்கினால், வேறு தடை இல்லாதவருக்கு நன்மைதான் அதிகம். ஹார்மோன் மருந்தால் மார்பகப் புற்றுநோயும் மாரடைப்பும் வரும் என்று 2002-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கிளப்பிய பயம் இன்னும் நம் ஊரில் சுற்றுகிறது. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயதே 63, அந்த 60 கணக்கைத் தாண்டியது. ஆபத்தே கிடையாது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. இந்த மருந்தில் உள்ள ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் வகை என்ற இரண்டு ஹார்மோனும் சேர்த்துப் பல வருடம் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடும் என்றும் சொன்னார். அதையும் கேட்டுத்தான் சம்மதித்தேன்.

என் அக்கா கதை வேறு. 38 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். சினைப்பை போனால் உடனே மெனோபாஸ்தான். 45-க்கு முன்பே நின்றுபோனவர்கள், தொந்தரவு இல்லாவிட்டாலும், எலும்புக்காகவும் இதயத்துக்காகவும் சீக்கிரம் தொடங்கி ஏறக்குறைய 50 வயது வரை எடுப்பது நல்லது. "எனக்கு ஆரு சொல்லித் தந்தா மக்களே?" என்கிறாள். இப்போது 61. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்தது. இந்த வயதில் இனி ஹார்மோன் மாத்திரை வேண்டாம் என்று சொல்லி, மூத்திர எரிச்சலுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் மட்டும் கொடுத்தார்கள். அந்தக் கிரீமுக்கு வயது வரம்பு கிடையாது.

மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, மாரடைப்பு, பக்கவாதம், கல்லீரல் நோய் இவற்றில் எது இருந்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். நின்று ஒரு வருடம் கழித்துச் சொட்டு ரத்தம் பட்டாலும் மருந்துப் பேச்சு அப்புறம், முதலில் பரிசோதனை.

எனக்கு சுகர், தைராய்டு, மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் சரி, பிரஷர்தான் கூடுதல். அதை மாத்திரையில் இறக்கிவிட்டு, கார்த்திகையில்தான் தொடங்கினோம். ரத்தம் கட்டும் வாய்ப்பு மாத்திரையைவிடக் குறைவு என்பதால் தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல், ராத்திரிக்கு ஒரு புரோஜெஸ்டிரோன் கேப்சூல். கர்ப்பப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் அதன் உள்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். அக்காவுக்கு அந்தக் கேப்சூல் தேவைப்பட்டிருக்காது. ஆகவே அடுத்த வீட்டு மயினியின் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்க வேண்டாம். இன்னொன்று, இது கருத்தடை மருந்தும் அல்ல.

முதல் சில வாரம் மார்பு வலித்தது, கொஞ்சம் ரத்தமும் பட்டது. அதையும் அளவு நோட்டிலேயே எழுதி, 3 மாதம் கழித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். ஜாக்கெட்டுக்குப் புதுத் துணி நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.