கட்டடப் பயன்பாட்டு விதிகளைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கட்டடம் கடையா, அலுவலகமா, வீடா என்று வகை பிரிக்கும் விதிகள் காலத்துக்கு ஒவ்வாமல் போனால் திருத்தத்தான் வேண்டும். ஆனால் வகைகளின் எண்ணிக்கையைக் குறைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. இங்கிலாந்தில் நடந்ததைப் பார்த்தாலே இது புரியும்.

அங்கே கட்டடப் பயன்பாட்டை வகுப்புகளாகப் பிரிக்கும் 1987 ஆணைப்படி கடை, வங்கி, உணவகம், அலுவலகம் எல்லாம் தனித்தனி வகுப்புகளில் இருந்தன. 2020 செப்டம்பர் 1 முதல் இவற்றையும் குழந்தைக் காப்பகம், உடற்பயிற்சிக் கூடம் போன்றவற்றையும் சேர்த்து ‘ஈ’ என்ற ஒரே வகுப்பாக்கினார்கள். ஒரே வகுப்புக்குள் பயன்பாட்டை மாற்ற உள்ளாட்சி நிர்வாகம் தரும் திட்ட அனுமதி தேவையில்லை. பூட்டிக் கிடக்கும் கடைகளுக்கு இது நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் துணிக்கடை உணவகமானால் சமையல் வாடையும் இரவுச் சத்தமும் மாடியில் குடியிருப்பவருக்குத்தான். வகுப்புகளை இணைக்கும் முன்பே சத்தம், வாடை, வண்டி நடமாட்டம், வேலை நேரம் ஆகியவற்றுக்கு வரம்பு எழுதிவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, வழியை முதலில் திறந்துவிட்டுத் தரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது. 2013 மே மாதம் முதல் அலுவலகங்களை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வீடாக்கலாம் என்றார்கள். உள்ளாட்சி நிர்வாகம் தொடக்கத்தில் போக்குவரத்து, மண் மாசு, வெள்ள அபாயம் ஆகியவற்றை மட்டுமே பார்க்க முடிந்தது. அறைக்குள் வெளிச்சம் வருமா, ஆள் புழங்க இடமிருக்குமா என்று கேட்க அதிகாரமில்லை. விளைவு, ஜன்னலே இல்லாத அறைகளில் மனிதர்கள் குடியேறும் நிலை வந்தது. இயற்கை வெளிச்சம் கட்டாயமானது 2020 ஆகஸ்டில். குறைந்தபட்சப் பரப்பளவு 2021 ஏப்ரலில். ஒருவர் வசிக்கும் மிகச் சிறிய வீட்டுக்கே 37 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது அந்த அளவுகோல். அதற்குள் கட்டி முடித்துவிட்ட வீடுகளை இந்த விதிகள் தொடாது. இந்த இரண்டு வரிகளையும் 2013-லேயே எழுதியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

விதிவிலக்கே இல்லாமல் எழுதுவதும் கூடாது. 1,000 மீட்டர் தொலைவுக்குள் அதுபோன்ற வேறு கடை இல்லாத, 280 சதுர மீட்டருக்கு மிகாத மளிகைக் கடையை இங்கிலாந்து ‘ஈ’ வகுப்பில் சேர்க்காமல் தனியே வைத்தது. உருப்படியான ஏற்பாடு.

அங்குள்ள கட்டட உரிமையாளர்களுக்கு ஒன்று: வகுப்பு மாறிவிட்டதால் பழைய அனுமதியில் உள்ள நிபந்தனை தானாக ரத்தாகாது. ‘அலுவலகமாக மட்டும், வேறு எதற்கும் கூடாது’ என்று அதில் தெளிவாக எழுதியிருந்தால் அது இன்றும் கட்டுப்படுத்தும். குத்தகைப் பத்திரத்தில் உள்ள கட்டுப்பாடும் அப்படியே. இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைப் போடுங்கள்.