பார்சிலோனாவில் கட்டடம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் என் அக்கா மகன் தன் பார்சிலோனா திட்டத்தை அனுப்பியிருந்தான். காலையில் பார்க் குவெல், 12 மணிக்கு சக்ரதா ஃபமிலியா, மூன்று மணிக்கு காசா பத்லோ. மூன்றும் கௌதி என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணம். பார்த்ததும் திக்கென்றது, முதல் தடவை நான் போட்டதும் அச்சு அசலாக இதே திட்டம்தான். பர்ஸ் பத்திரம், நடக்க வசதியான ஷூ என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிடுவார்கள், அதை விடுங்கள்.

கிடைத்த நேரத்துக்கு சக்ரதா ஃபமிலியா டிக்கெட் எடுப்பது

இது எனக்கு இன்னும் ஆறவில்லை. 1882இல் தொடங்கிய தேவாலயம், அடுத்த வருடமே கௌதி கையில் வந்து, 1926இல் டிராம் மோதி அவர் இறக்கும்வரை அவர் கூடவே இருந்தது. அதன் உள்ளே கல்லுக்குச் சமமாக வேலை செய்வது வெயில். இயேசுவின் பிறப்பைக் காட்டும் முகப்பு கிழக்கே, அவர் பட்ட பாடுகளைக் காட்டும் முகப்பு மேற்கே. கிழக்குப் பக்கக் கண்ணாடிகள் நீலமும் பச்சையும், மேற்கில் ஆரஞ்சும் சிவப்பும். உச்சிவெயிலில் இரண்டு பக்கமும் மங்கிப்போகும். நான் நின்றது அப்போதுதான். அடுத்த இடத்துக்கு நேரமாகிறதே என்று நாற்பதே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது தடவை ஒரு டிசம்பரில், காலை முதல் ஆளாக உள்ளே போனேன். மரம் மாதிரி மேலே கிளை பிரியும் தூண்களில் ஒன்றின்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை வெளிச்சம் விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருக்க, அது மெதுவாகக் கீழே இறங்கித் தரைக்கு வந்து என் ஷூவைத் தொட்டது. இதைப் பார்க்காமலா முதல் தடவை அவ்வளவு பணம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன் என்று அங்கேயே வயிறு எரிந்தது.

அதனால் தேதி முடிவானதும் முதலில் இந்த டிக்கெட்டைத்தான் எடுங்கள். காலை என்றால் திறந்ததும் போங்கள். மாலை என்றால் சூரியன் மறைய இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்படி பாருங்கள், ஏனென்றால் டிசம்பரில் ஐந்தரைக்குள் இருட்டிவிடும், ஜூனில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அப்புறம், அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு வேறு எதையும் வைக்காதீர்கள்.

காசா பத்லோ, காசா மிலா இரண்டுக்குள்ளும் ஒரே நாளில் போவது

இரண்டுமே கௌதி வடிவமைத்த வீடுகள். வேண்டாம்.

கௌதியோடு நிறுத்திக்கொள்வது

தேவாலயத்திலிருந்து கௌதி பெயரிலேயே இருக்கும் சாலையில் கால் மணி நேரம் நடந்தால் சான்ட் பாவ் மருத்துவமனை வளாகம். கட்டியவர் டொமெனெக் இ மொன்டானெர். அவருடைய பலாவ் டி லா மூசிகா இசை அரங்கும் இதுவும் சேர்ந்து 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. தேவாலய வாசலில் படம் எடுத்த கையோடு மெட்ரோவுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுக்கத் தோன்றுகிறது.

அண்ணாந்தே நடப்பது

பசேச் டி கிராசியா சாலையில் நடைபாதையையும் பாருங்கள். கௌதி வடிவமைத்த அறுகோணக் கற்கள். ஒரு கல்லில் படம் முழுதாக இருக்காது, நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று ஏழு கல் சேரும்போதுதான் கடல்பாசியும் நட்சத்திர மீனும் முழுசாகத் தெரியும்.