ஃபயர்வாலுக்கு அப்டேட் நின்றுவிட்டதா? மாற்று தேடும் விதம்

“இனி இந்த மென்பொருளுக்கு அப்டேட் வராது” என்று அறிவிப்பு வந்ததும் அதன் பெயரைப் போட்டு மாற்று தேட உட்கார்ந்துவிடுகிறோம். தேடலை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அது உங்களிடம் என்னென்ன வேலை பார்க்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

மைக்ரோசாஃப்டின் ஃபோர்ஃபிரண்ட் டிஎம்ஜியையே பாருங்கள். 2012இல் விற்பனை நின்றது, 2020 ஏப்ரலோடு நீட்டித்த ஆதரவும் முடிந்தது. நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால், பயனர்களுக்குப் பதிலாக இணையத்தை அணுகும் ப்ராக்ஸி, வெளியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே இணைய உதவும் விபிஎன், உள்ளே இருக்கும் வெப் சர்வருக்கு முன்னால் நிற்கும் ரிவர்ஸ் ப்ராக்ஸி என எல்லாவற்றையும் அது ஒன்றே பார்த்தது. அச்சு அசலாக அதே மாதிரி ஒன்றைத் தேடி அலைவதைவிட, ஃபயர்வாலுக்கு ஓபிஎன்சென்ஸ், ப்ராக்ஸிக்கு ஸ்க்விட், விபிஎன்னுக்கு வயர்கார்டு, வெப் சர்வருக்கு எச்ஏப்ராக்ஸி என்று பிரித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. நாளைக்கு இதில் ஒன்று நின்றுபோனாலும் அதை மட்டும் மாற்றினால் போதும்.

விடைபெறும் அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள், வாரிசு யார் என்று அதிலேயே இருக்கலாம். 2015 பிப்ரவரியில் எம்0என்0வால் என்ற இலவச ஃபயர்வால் நின்றபோது, அதை உருவாக்கியவரே ஓபிஎன்சென்ஸைக் கைகாட்டினார். அறிவிப்பில் இல்லாவிட்டால், பழைய நிரலிலிருந்து கிளைத்தது ஏதும் உண்டா என்று பாருங்கள்: 2005இல் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் நெஸ்ஸஸ் தன் மூலநிரலை மூடியபோது பழைய நிரலிலிருந்து கிளைத்ததுதான் ஓபன்வாஸ்.

பழைய ஃபயர்வால் விதிகளை அப்படியே புதியதில் கொட்டாதீர்கள். “டெஸ்ட், தற்காலிகம்” என்று பெயர் வைத்து, எங்கிருந்தும் எங்கும் போகலாம் என்று யாரோ திறந்துவிட்ட ஒரு விதி நிச்சயம் எங்காவது இருக்கும், அதை எழுதியவர் வேலையை விட்டே போயிருப்பார். ஒவ்வொரு விதியும் இன்னும் பயன்படுகிறதா என்று லாகில் (போக்குவரத்துப் பதிவில்) பாருங்கள். அதுவும் ஒரு வாரம் பார்த்தால் பத்தாது, முழு மாதம் பாருங்கள், ஏனென்றால் மாதக் கடைசியில் ஒரே ஒரு முறை வெளியே கோப்பு அனுப்பும் கணக்கு மென்பொருள் ஒன்று ஒளிந்திருக்கும், நீங்கள் அடைத்த போர்ட் (இணைப்பு வாசல்) அதனுடையதாக இருக்கும்.

மாற்றிய பிறகு வெளியிலிருந்து உங்கள் சொந்த ஐபி முகவரியை, திறந்த போர்ட்களைக் கண்டுபிடிக்கும் என்மேப் வைத்து ஸ்கேன் செய்து, திறந்திருக்கும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் காரணம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். விபிஎன் சாவிகளைப் பழையதிலிருந்து தூக்கிவராமல் புதிதாகவே உருவாக்குங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பழைய பெட்டியை ஓரமாக ஓடவிடுவதுதான் ஆபத்து: கான்ஃபிக்கை (அமைப்புகளை) பேக்கப் எடுத்துவிட்டு கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்.