நைரோபி டு கேப் டவுன் ட்ரக் ட்ரிப்: கிளம்புறதுக்கு முன்னாடி இதையெல்லாம் முடிச்சிடுங்க

நைரோபில ஏறி கேப் டவுன்ல இறங்குற ஓவர்லேண்ட் ட்ரக் ட்ரிப்புக்கு (சீட் போட்ட லாரில குழுவா நாடு நாடா ரோட்லயே போய், டென்ட்ல தங்குற பயணம்) அட்வான்ஸ் கட்டியாச்சா, சூப்பர். கிளம்ப இன்னும் ஆறேழு மாசம் இருக்குன்னா கை சும்மா இருக்காது, ஹெட்லேம்ப்பு கத்தின்னு ஆன்லைன்ல ஆர்டர் போட ஆரம்பிச்சிடுவோம். அதெல்லாம் கடைசி வாரம் வாங்கிக்கலாம், டென்ட்டும் சமையல் சாமானும் பெரும்பாலும் ட்ரக்லயே இருக்கும். முதல்ல பாஸ்போர்ட்டை எடுத்து காலிப் பக்கத்தை எண்ணுங்க.

கென்யா, தான்சானியா, மலாவி, சாம்பியா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கான்னு எட்டு நாடு வரும், ஒவ்வொண்ணுலயும் உள்ள போக ஒரு சீல், வெளிய வர ஒரு சீல், சில ஊர்ல விசாவே ஒரு முழுப் பக்கத்தைச் சாப்பிட்டுடும். தென்னாப்பிரிக்காவுல நுழையும்போது ரெண்டு பக்கமாவது காலியா இருந்தே ஆகணும், அது கடைசி நாடுங்கிறதால அங்க போய் மாட்டினா ரொம்ப கடுப்பா இருக்கும். பாஸ்போர்ட் புதுப்பிக்கிற நேரம்னா 60 பக்க புக்லெட் கேளுங்க. விசாவுக்கு ஒரு பேப்பர்ல எந்த நாட்டுக்குள்ள எந்தத் தேதி போறோம்னு எழுதி வச்சுக்கிட்டு அப்ளை பண்ணுங்க, ரொம்ப சீக்கிரம் வாங்கினா நாம பார்டருக்குப் போறதுக்குள்ள காலாவதி ஆயிடும்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் ஊசி. சென்னைக்காரங்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கு. போட்டு பத்து நாள் கழிச்சுதான் சர்டிஃபிகேட் செல்லும், ஆனா ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். பார்டர்ல மட்டும் இல்ல, திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்லயும் கேப்பாங்க, இல்லன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா உக்கார வச்சிடுவாங்க. மலேரியா மாத்திரைக்கு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, டாக்ஸிசைக்ளின் குடுத்தா ஊருக்கு வந்தப்புறமும் நாலு வாரம் போடணும், வெயில்ல தோல் சீக்கிரம் கருகும், தொப்பி கட்டாயம்.

துணி எடுக்கும்போது கருப்பும் அடர் நீலமும் வேணாம், ட்ஸெட்ஸி ஈ அந்தக் கலரைத்தான் தேடி வரும், கடிச்சா ஜீன்ஸையும் தாண்டி இறங்கும். மிலிட்டரி டிசைன் பேன்ட் சுத்தமா வேணாம், ஜிம்பாப்வேல அது சட்டப்படி குத்தம். ஆப்பிரிக்கான்னா வெயில்தானேன்னு மெல்லிசு போர்வையோட போயிடாதீங்க, தான்சானியாவுல ஙொரொங்கோரோங்கிற எரிமலைப் பள்ளத்தோட விளிம்புல இருக்குற கேம்ப் 2300 மீட்டர் உயரம், ராத்திரி கொடைக்கானல் எல்லாம் ஒண்ணுமே இல்லன்னு தோணும். நல்ல ஸ்லீப்பிங் பேக்குக்கு மட்டும் காசு பார்க்காதீங்க. பெட்டி வேணாம், ட்ரக் லாக்கர்ல அமுக்கித் திணிக்கிற மாதிரி துணிப் பைதான் சரி. கென்யா, தான்சானியாவுல பிளாஸ்டிக் கவர் தடை, கேரி பேக்ல சுத்தி வைக்கிற பழக்கத்தை வீட்லயே விட்டுட்டுப் போங்க.

சமையலும் பாத்திரமும் முறை வச்சு எல்லாரும் பண்ணணும். கழுவின தட்டைத் துடைக்க மாட்டாங்க, துணில கிருமி சேரும்னு, கைக்கு ரெண்டு தட்டா பிடிச்சு எல்லாரும் வட்டமா நின்னு காத்துல வீசி வீசிக் காய வைப்பாங்க, பாக்க செம காமெடியா இருக்கும் ஆனா அரட்டை எல்லாம் அங்கதான். சைவம்னா புக்கிங்லயே சொல்லிடுங்க, கூடவே பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துக்கோங்க, மக்காச்சோள மாவு உகாலி நம்ம களி மாதிரிதான், தொட்டுக்க ஏதாவது இருந்தா அருமையா இறங்கும். போட்ஸ்வானாவுல கோமாரி நோய் செக்போஸ்ட்ல பச்சைக் கறி, பால் சாமான் எல்லாம் பிடுங்குவாங்க, பொடிக்குப் பிரச்சினை இல்ல.

சார்ஜருக்கு கென்யாவுலருந்து போட்ஸ்வானா வரைக்கும் பிரிட்டிஷ் மூணு பின் அடாப்டர், தென்னாப்பிரிக்காவுல நம்ம வீட்டு ஏசிக்கு மாட்டுற பெரிய பின்னே பொருந்தும். டாலர் மாத்தும்போது புது நோட்டா கேட்டு வாங்குங்க, பழசு, கிழிஞ்சது, பேனா கிறுக்கினது எதையும் அங்க வாங்க மாட்டாங்க.